மணி எப்போது ஒலிக்க வேண்டும்?

எங்கள் சாத்தூர்ப் பக்கத்தில் சத்தத்துக்குப் பஞ்சமில்லை. பக்கத்து ஊரான சிவகாசியில் சத்தத்தையே சரக்காகச் செய்து தேசம் முழுவதற்கும் அனுப்புகிறார்கள். அந்தச் சத்தத்துக்கும் சட்டம் ஓர் அளவு வைத்திருக்கிறது: வெடிக்கிற இடத்திலிருந்து நாலு மீட்டர் தூரத்தில் 125 டெசிபலைத் தாண்டக் கூடாது. இப்படிப்பட்ட சீமைக்குள் சத்தமே போடாத ஓர் அபாயமும் வந்து சேர்ந்திருக்கிறது. அதுதான் மின்சாரக் கார்.

பெட்ரோல் கார் உறுமிக்கொண்டு வரும். மின்சாரக் கார் பூனை மாதிரி வந்து முதுகுக்குப் பின்னால் நிற்கும். வேகம் கூடினால் டயர் ஓசையும் காற்றின் இரைச்சலும் அதைக் காட்டிக் கொடுத்துவிடும். ஆபத்தெல்லாம் சந்துகளில் ஊர்ந்து போகும்போதுதான். கண் உள்ளவர் திரும்பிப் பார்த்து ஒதுங்கலாம். காதையே கண்ணாகக் கொண்டு நடப்பவர் என்ன செய்வார்?

இதற்காகவே ஐரோப்பாவில் 2019 ஜூலை முதல் புது மாடல் மின்சாரக் கார்களுக்கும், 2021 ஜூலை முதல் விற்பனைக்கு வரும் எல்லாப் புதுக் கார்களுக்கும், மணிக்கு 20 கிலோமீட்டர் வேகம் வரை செயற்கையாக ஓர் ஓசை எழுப்ப வேண்டும் என்று விதி செய்தார்கள். நம் மத்திய அரசும் 2025 செப்டம்பரில் இதற்கு ஒரு நகல் விதி வெளியிட்டது. புது மாடல்களுக்கு 2026 அக்டோபர், மற்றவற்றுக்கு 2027 அக்டோபர் என்று அதில் கெடு குறித்திருந்தது.

“இரைச்சலில் செத்துக்கொண்டிருந்த மனிதனுக்கு இப்போதுதான் கொஞ்சம் அமைதி கிடைத்தது; அதையும் கெடுப்பானேன்?” என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதே. ஆனால் அது யாருடைய அமைதி? கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு அமைதி. வெளியே நடப்பவருக்கு அதுவே திகில். முதலில் வந்த சர்வதேச விதியில், ஓட்டுகிறவர் விரும்பினால் ஓசையை நிறுத்திக்கொள்ள ஒரு விசைக்கு இடம் இருந்தது. பிறகு அதை எடுத்துவிட்டார்கள். பிறர் உயிருக்கான எச்சரிக்கையை நம் சௌகரியத்துக்கு நிறுத்த உரிமை ஏது?

கரிசல் காட்டு வண்டிக்காரர் மாட்டின் கழுத்தில் மணி கட்டியது அழகுக்கு மாத்திரம் அல்ல. ஹாரன் ‘விலகு’ என்று அதட்டுகிறது. மணியோ ‘நான் வருகிறேன், ஐயா’ என்று சொல்லிக்கொண்டு வருகிறது. ஒன்று அதிகாரம், மற்றது மரியாதை. கேட்க வேண்டியது இந்த இரண்டாவது ஓசையைத்தான்.

ஆனால் ஓசை எழுப்பியதோடு கடமை தீர்ந்ததா? “சத்தம் கொடுத்தேனே, ஏன் விலகவில்லை?” என்று நாளைக்கு அடிபட்டவனையே குற்றவாளி ஆக்கிவிடுவோமோ என்பதுதான் என் பயம். காது கேளாதவரும், விளையாட்டில் மெய்மறந்த குழந்தையும் தெருவில் இருக்கிறார்கள்.

திருவாரூரில் கன்றின்மேல் தேர் ஏறிய கதை எல்லோருக்கும் தெரியும். தேர் சந்தடியில்லாமல் போயிருக்காது. கன்றுதான் துள்ளிக் குறுக்கே வந்தது. ஆயினும் மனுநீதிச் சோழன், “தேரின் சத்தம் கன்றுக்குக் கேட்கவில்லையா?” என்று விசாரிக்கவில்லை. தேரில் இருந்தவனைத்தான் கேட்டான். அந்தக் கதையில் மணி ஒலித்தது கன்று செத்த பிறகு. அடித்தது தாய்ப் பசு.

மணி முன்னாலேயே ஒலிக்கட்டும். ஒலிக்கும்போதே சக்கரமும் மெதுவாகட்டும்.