வந்தியின் பங்கு

வைகை பெருகி மதுரைக் கரை உடைந்தபோது, அரிமர்த்தன பாண்டியன் கரையை அளந்து குடிகளுக்குப் பங்கிட்டு அடைக்கக் கட்டளையிட்டான் என்று திருவிளையாடற் புராணம் கூறுகிறது. பிட்டு விற்றுப் பிழைத்த வந்திக் கிழவிக்கும் ஒரு பங்கு விழுந்தது. அவளுக்கோ ஆளில்லை. சொக்கநாதப் பெருமானே கூலியாளாக வந்து, உதிர்ந்த பிட்டைக் கூலியாகப் பெற்று, மண்கூடையைத் தலையில் ஏற்றார். ஆயினும் ஆடியும் உறங்கியும் பொழுதைக் கழித்தார். வந்தியின் பங்கு அடைபடவில்லை. பாண்டியன் பிரம்பால் அடித்தான். அந்த அடி அரசன் உட்பட எல்லா உயிர்கள் மீதும் பட்டது.

மண் அணையின் இயல்பும் இதுவே. எலி வளையிலும் உக்கிப்போன மரவேரின் வழியிலும் கசியும் நீர், உள்ளிருந்து மண்ணைச் சிறிது சிறிதாக அரித்துச் செல்லும். மேலதிக நீர் பாயும் வான் அடைபட்டால், வெள்ளம் அணைக்கு மேலாக வழிந்து அதைக் கரைத்துவிடும். 1986 ஏப்ரல் 20 அதிகாலையில் கந்தளாய்க் குளத்து அணைக்கட்டு உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். யார் பங்கில் பிழை என்று வெள்ளம் கேட்பதில்லை.

அப்படியானால் அணையைக் காப்பது யார் கடமை? எல்லோருடையதும் என்பது எளிய விடை. ஆனால் எல்லோருக்கும் ஒரே அளவான பங்கு நீதியாகுமா?

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மழையும் மண்சரிவுகளும் பதுளை மாவட்டத்தில் பல உயிர்களைப் பறித்தன. தோட்டத்து லயத்தில் வாழ்பவர் மழைக்கு முன் கானைத் துப்புரவு செய்யலாம். அணையில் கசிவு கண்டால் உடனே அறிவிக்கலாம். இவை அவர் பங்கு. இவற்றைத் தட்டிக்கழிப்பது அயல் வீட்டுக்குச் செய்யும் தீங்கு. ஆனால் அணையை எங்கே கட்டுவது, நீரை எவ்வழியே திருப்புவது என்பவற்றை, நிலம் சொந்தமில்லாத அவர் தீர்மானிக்க முடியாது. ஆபத்தான சரிவை விட்டு நீங்கவும் மாற்று நிலம் வேண்டும். அந்தப் பங்கு நிலமும் அதிகாரமும் உடையவர்களுடையது.

பாண்டியன் பங்கை அளந்தான். சுமப்பவள் வலுவை அளக்கவில்லை. பெருமானோ, "உன் பங்கை நீயே பார்" என்று வந்தியைக் கைவிடவில்லை. அவள் சுமையைத் தன் தலையில் ஏற்றார். இறுதியில் அவர் கொட்டிய ஒரு கூடை மண்ணில் கரை அடைபட்டது.

தேர்வடத்தைச் சிறுவனும் பிடிக்கிறான், வலியவனும் பிடிக்கிறான். பாரம் வலியவன் தோளில்தான் அதிகம் ஏறுகிறது. ஊரைக் காக்கும் அணைக்கும் அதுவே முறை. வலுவுடையோர் வந்தியின் கூடையைச் சுமக்க எல்லாம் வல்ல இறைவன் அருள்புரிவாராக.