ஏது கூறும் கல்வி

கல்வியின் பயன் மனப்பாடத்தோடு முடிந்துவிடுவதில்லை. கற்றதைத் தான் ஏற்றுக்கொண்டமைக்குரிய காரணத்தைச் சொந்த வார்த்தைகளில் எடுத்துரைக்க வல்லவனாகும்போதே அக்கல்வி மாணவனுக்கு உரியதாகின்றது.

இவ்வுண்மையைச் சைவ ஆசாரியர்கள் நன்கு உணர்ந்திருந்தனர். 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டதேவர் அருளிய சிவஞானபோதம் 12 சூத்திரங்களைக் கொண்டது. அவற்றின் பொருள் மேற்கோள், ஏது, உதாரணம் என்னும் முறையில் நிறுவப்படுகின்றது. மலையில் நெருப்பு உண்டு என்பது மேற்கோள். புகை தெரிவதால் என்பது ஏது. அடுக்களையிற் காண்பது போல என்பது உதாரணம். இறைவன் உண்டு என்பதையே காரணம் காட்டி நிறுவிய சமயத்திலே பிறந்த பிள்ளைகள் “ஏன்?” என்று கேட்க அஞ்சவேண்டியதில்லை.

அறநெறிப் பாடசாலைகளிலே நாவலர் பெருமானின் சைவ வினாவிடையைப் பிள்ளைகள் பாடமாக்குகின்றனர். அது நல்ல அத்திவாரமாகும். ஆயினும் நெற்றி நிறையத் திருநீறு தரித்த பிள்ளையிடம் “ஏன் பூசியிருக்கிறீர்?” என்று கேட்டால், “அம்மா பூசிவிட்டவ” என்பதே பெரும்பாலும் விடையாகின்றது. அவ்விடத்தில் ஆசிரியர் உடனே விளக்கம் கூறாது, “நீர் என்ன நினைக்கிறீர்? ஏன் அப்படி நினைக்கிறீர்?” என்று கேட்டுச் சற்றுப் பொறுத்திருத்தல் வேண்டும். “எல்லாம் எரிந்தால் சாம்பல்தானே” என்று பிள்ளை தயங்கித் தயங்கிச் சொல்லக்கூடும். நிலையாமை என்னும் பெரும்பொருளை அப்பிள்ளை தானே தொட்டுவிட்டது. விடை பிழைத்தாலும் நட்டமில்லை. காரணத்தைக் கேட்டால் எவ்விடத்திற் பிழைத்தது என்பது ஆசிரியருக்கும் மாணவனுக்கும் தெளிவாகும்.

இவ்வாறு கேட்கப் பழக்கினால் பிள்ளைகள் பெரியோரை மதியாது எதிர்க்கதை பேசுவர் என்று சிலர் அஞ்சுவர். வெல்வதற்காகவே பேசுவது விதண்டாவாதம். உண்மையை அறிவதற்காகக் கேட்பது சீடனின் பண்பு. வயதில் மூத்தவரும் குலகுருவுமான அருணந்தி சிவாசாரியார் ஆணவ மலம் பற்றி மெய்கண்டாரிடம் வினாவி, தெளிவு பெற்றதும் அந்த இளையவருக்கே சீடரானார் என்பது மரபுவழி வரலாறு. காரணம் கேட்பவனுக்குத் தன் பிழையை ஒப்புக்கொள்ளும் பணிவும் வேண்டும் என்பதை இது காட்டுகின்றது.

வாய் அடைக்கப்பட்ட பிள்ளையின் சந்தேகம் அழிந்துவிடுவதில்லை, உள்ளே வளர்கின்றது. பிறர் எதிர்த்து ஒரு கேள்வி கேட்டதும் மனப்பாடம் மாத்திரம் செய்த நம்பிக்கை தளர்ந்துவிடும். ஆய்ந்து தெளிந்த நம்பிக்கையோ தளராது.

ஆகவே பெற்றோரும் ஆசிரியரும் பிள்ளைகளின் காரணங்களைப் பொறுமையோடு செவிமடுப்பார்களாக. அதற்கு எல்லாம் வல்ல இறைவன் திருவருள் பாலிப்பாராக.