காண்பதும் கவர்வதும்

அழகு கண்ணெதிரே தோன்றும்போது மனித மனம் இரண்டில் ஒன்றைச் செய்கிறது. ஒன்று, அதன் முன்னே அடங்கி நிற்கிறது. இல்லையேல், அதைத் தனதாக்கிக்கொள்ளக் கை நீட்டுகிறது. முன்னதைக் காண்பது என்றும், பின்னதைக் கவர்வது என்றும் சொல்லலாம். இவ்விரண்டிற்கும் இடையே உள்ள வேறுபாடு நூலிழை அளவே. ஆயினும் நாம் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதைப் பொறுத்தே நம் மன அமைதியும், பிற உயிர்களோடு நாம் கொள்ளும் உறவும் அமைகின்றன. இதை ஆராய, இன்று ஏறக்குறைய எல்லார் சட்டைப் பையிலும் இருக்கும் ஒரு கருவியே போதும். அதுதான் கேமரா.

அந்தக் கருவியைத் தாங்கியவர்கள் குளிர்காலம்தோறும் தேடிச் செல்லும் கடற்கரை ஒன்று உலகின் வடகோடியில் உள்ளது. மனத்தளவில் நாமும் அங்கே சென்று வருவோம்.

கருமணலில் நீலப் பனி

ஐஸ்லாந்து நாட்டின் தென்கிழக்கில் வத்னயோகுல் என்னும் மாபெரும் பனிப்பாளம் படர்ந்திருக்கிறது. அதிலிருந்து இறங்கும் பனியாறுகளுள் ஒன்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஏறக்குறைய கடலையே எட்டியிருந்தது. பின்னர் வெப்பம் கூடக்கூட அது பின்வாங்கியது. அது விட்டுச்சென்ற பள்ளத்தில் 1930-களின் நடுவில் ஓர் ஏரி தோன்றியது. யோகுல்சார்லோன் என்பது அதன் பெயர். இன்று அதன் ஆழம் 240 மீட்டருக்கும் மேல். பனியாற்றின் முகப்பிலிருந்து உடைந்து விழும் பாறை போன்ற பனிக்கட்டிகள் இந்த ஏரியில் மிதந்து, ஒரு சிறிய ஆற்றின் வழியே கடலை அடைகின்றன. கடல் அவற்றைக் கரையில் ஒதுக்குகிறது. கரையோ எரிமலைப் பாறை பொடிந்து உண்டான கருமணல். கரிய மணலின்மேல், கண்ணாடியைப் போலத் தெளிந்தும் நீலம் பாய்ந்தும் பனிக்கட்டிகள் சிதறிக் கிடக்கும் காட்சியைக் கண்டோர் அதை வைரக் கடற்கரை என்று அழைத்தனர்.

டிசம்பர் இறுதியில் அங்கே பகற்பொழுது ஐந்து மணி நேரத்திற்கும் குறைவு. பிற்பகல் மூன்றரை மணிக்குள் கதிரவன் மறைந்துவிடுகிறான். ஆனால் இருள் உடனே கவிவதில்லை. நம் கன்னியாகுமரியில் கதிரவன் செங்குத்தாக இறங்குவதால் அந்தியொளி அரை மணி நேரத்திற்குள் மங்கிவிடும். வடகோடியிலோ அவன் அடிவானத்தை உரசியவாறு சாய்ந்து இறங்குகிறான். ஆகவே அந்தி ஒரு மணி நேரத்திற்கும் மேலாக நீடிக்கிறது. அப்போது வானமும் கடலும் பனியும் ஒரே நீலத்தில் தோய்கின்றன. அக்காட்சியின் படத்தைப் பார்க்கும் எவரும், "இது இவ்வுலகமே அன்று, வேற்றுலகம்!" என்றே வியப்பர்.

வேற்றுலகமா?

இங்கே சற்று நின்று சிந்திக்க வேண்டும். அங்குள்ள எந்தப் பொருள் வேற்றுலகைச் சேர்ந்தது?

பனிக்கட்டியின் நீலத்திற்குக் காரணம் எளியது. நெடுங்காலம் மேன்மேலும் அழுந்தியதால் அதனுள் இருந்த காற்றுக் குமிழிகள் நெருங்கிச் சுருங்கின. அடர்ந்த பனிக்குள் நெடுந்தொலைவு செல்லும் ஒளியில் சிவப்பு உறிஞ்சப்பட, நீலம் எஞ்சி வெளிவருகிறது. அந்திவானத்தின் நீலத்திற்கும் காரணம் உண்டு. கதிரவன் அடிவானத்திற்குக் கீழே செல்லும்போது அவன் ஒளி வளிமண்டலத்தில் உள்ள ஓசோன் படலத்தினூடே நெடுவழி கடந்து வருகிறது. மஞ்சள், ஆரஞ்சு நிறக் கதிர்களை ஓசோன் ஈர்த்துக்கொள்கிறது. அந்தி வேளையில் உச்சிவானம் நீலமாக இருப்பதற்கு இதுவே முதன்மைக் காரணம் என்பதை ஹல்பர்ட் என்னும் இயற்பியலறிஞர் 1953-ஆம் ஆண்டில் விளக்கினார். அதே ஓசோன் நம் ஊர் வானத்திலும் இருக்கிறது. அதே நீலம் நம் மொட்டைமாடியின் மேலும் நாள்தோறும் சில நிமிடங்கள் கவிகிறது. அதை நாம் அண்ணாந்து பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

ஆக, வேற்றுலகம் என்று நாம் வியப்பது இவ்வுலகத்தையே. பழக்கம் என்னும் திரை ஒரு கணம் விலகியதால் அது புதியதாகத் தோன்றுகிறது. 'வேற்றுலகம்' என்ற சொல்லில் ஓர் ஆபத்தும் ஒளிந்துள்ளது. வேறோர் உலகின் பொருள் என்றால் நமக்கு அதனிடம் கடமை ஏதும் இல்லை. வியந்து, கவர்ந்து, வந்த வழியே திரும்பிவிடலாம். இவ்வுலகின் பொருள் என்று அறிந்தால் பொறுப்பும் உடன் வருகிறது. அந்தக் கரையில் மின்னும் ஒவ்வொரு துண்டும் உருகித் தேயும் ஒரு பனியாற்றின் உடல். அதே நாட்டில் ஓக் என்னும் பனியாறு மெலிந்து 2014-ஆம் ஆண்டில் பனியாறு என்ற தகுதியையே இழந்தது. 2019 ஆகஸ்டில் அதற்கு ஒரு நினைவுப் பலகை வைத்தனர். நாம் வைரம் என்று போற்றுவது ஓர் இழப்பின் சின்னமுமாகும். இதை உணர்ந்து எடுக்கப்படும் படம் சாட்சியாகிறது. உணராமல் எடுத்தால் அது வேட்டைப் பொருளாகிவிடுகிறது.

கருவி பொய் சொல்கிறதா?

அந்தியில் படம் எடுப்போர் கேமராவை முக்காலியில் நிறுத்தி, ஒளிவாயிலைப் பல நொடிகள் திறந்து வைப்பர். அதற்குள் அலைகள் பலமுறை வந்து மீள்கின்றன. படத்தில் அவை பட்டுநூலாகவோ, புகைமூட்டமாகவோ பதிகின்றன. அத்தகைய அலையை எந்தக் கண்ணும் கண்டதில்லை. அப்படியானால் அந்தப் படம் பொய்யா?

கண்ணும் முழு உண்மையைக் காட்டுவதில்லை என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். ஒளி மங்கும்போது நம் கண் நிறங்களைப் பிரித்தறியும் ஆற்றலை மெல்ல இழக்கிறது. சிவப்பு கருமையாகிறது, நீலம் ஒப்பீட்டில் பொலிவு பெறுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புர்கின்யே என்னும் அறிஞர் இதைக் கண்டறிந்து எழுதினார். கண் ஒருவகைக் கருவி. கேமரா மற்றொரு வகை. ஒன்று கணத்தைக் காண்கிறது. மற்றொன்று கணங்களைச் சேர்க்கிறது. அந்தக் கரையிலிருந்து உண்மையில் வந்த ஒளியை மட்டுமே சேர்த்திருக்குமாயின் கருவியின்மீது குற்றமில்லை. இல்லாத நிலவை வானத்தில் ஒட்டிவைத்து, "நான் கண்டது இது" என்று ஒருவர் சொல்லும்போதுதான் பொய் பிறக்கிறது. பொய் கருவியில் இல்லை. பிறரை எதை நம்பச் செய்ய முயல்கிறோமோ, அந்த எண்ணத்தில் இருக்கிறது.

கவனம் எங்கே?

இதைவிட ஆழமான கேள்வி ஒன்று உண்டு. படம் எடுப்பவன் உண்மையில் காண்கிறானா?

அமெரிக்காவின் ஃபேர்ஃபீல்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லிண்டா ஹென்கெல் என்னும் உளவியலறிஞர் இதைச் சோதித்து, 2014-ஆம் ஆண்டு ஆய்விதழில் வெளியிட்டார். மாணவர்களை ஓர் அருங்காட்சியகத்திற்கு அழைத்துச் சென்று, சில பொருள்களைப் பார்க்க மட்டும் சொன்னார். சிலவற்றைப் படம் எடுக்கச் சொன்னார். மறுநாள் கேட்டபோது, படம் எடுத்த பொருள்களைவிட வெறுமனே பார்த்தவையே அவர்கள் நினைவில் நன்கு நின்றன. கருவி பார்த்துக்கொள்ளும் என்று மனம் ஓய்வெடுத்துவிட்டது! ஆனால் அதே ஆய்வில் மற்றொரு செய்தியும் கிடைத்தது. பொருளின் ஒரு சிறு பகுதியை நெருக்கிப் படம் எடுத்தவர்களுக்கு நினைவு அவ்வாறு குன்றவில்லை. அந்தச் சிறு பகுதியைத் தேர்ந்தெடுக்க அவர்கள் கவனிக்க வேண்டியிருந்தது. ஆகவே காண்பதையும் கவர்வதையும் பிரிப்பது கருவி அன்று, கவனமே.

கருவியையே கவனத்தின் துணையாக்கிக்கொண்டவர்கள் இருந்திருக்கிறார்கள். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஜெரிக்கோ என்னும் ஊரில் வில்சன் பென்ட்லி என்ற விவசாயி வாழ்ந்தார். நுண்ணோக்கியைக் கேமராவோடு இணைத்து, 1885 ஜனவரி 15 அன்று பனித்துகள் ஒன்றைப் படமாக்கினார். மூச்சுக்காற்று பட்டாலே உருகிவிடும் அத்துகளுக்காக, கணப்பு மூட்டாத கொட்டகையில் மூச்சடக்கி நின்றார். 1931-ஆம் ஆண்டில் மறையும்வரை குளிர்காலந்தோறும் இதைத் தொடர்ந்து, ஐயாயிரத்திற்கும் மேற்பட்ட பனித்துகள்களைப் பதிவு செய்தார். உருகப்போகும் ஒன்றின் முன் மூச்சையே அடக்கி நிற்கும் அந்த நிலையைத் தவம் என்று சொல்வதில் பிழையில்லை.

கடலுக்கு முதுகு காட்டாதே

ஐஸ்லாந்தின் தென்கரையில் ரேனிஸ்ஃபியாரா என்னும் மற்றொரு கருமணற் கரை இருக்கிறது. அட்லாண்டிக் பெருங்கடலின் அலைகள் தடையின்றி வந்து மோதும் இடம் அது. அமைதியாகத் தோன்றும் வேளையிலும் ஓர் அலை எதிர்பாராமல் நெடுந்தூரம் ஏறிவந்து நிற்போரை இழுத்துச் சென்றுவிடும். அங்கே பயணிகள் சிலர் இவ்வாறு உயிரிழந்திருக்கின்றனர். கரையில் உள்ள எச்சரிக்கை இதுதான்: கடலுக்கு ஒருபோதும் முதுகு காட்டாதீர்கள்.

எண்ணிப் பார்த்தால் இது எத்தகைய உபதேசம்! கடலைக் காண வந்தவன் கடலுக்கு முதுகு காட்டுவது எப்போது? தன்னைத் தானே படம் எடுத்துக்கொள்ளும்போது. அந்தக் கணத்தில் கடல் வெறும் பின்னணியாகிறது. 'நான்' முன்னே வந்து நிற்கிறது. உயிருக்கு ஆபத்து நேரும் அதே இடத்தில்தான் பார்வைக்கும் ஆபத்து நேருகிறது. இடங்களுக்கும் இதனால் கேடு உண்டு. அதே நாட்டில் ஓர் அழகிய பள்ளத்தாக்கு, 2015-ஆம் ஆண்டில் ஒரு பாடகரின் காணொளியில் இடம்பெற்றதால் புகழ்பெற்றது. கூட்டம் பெருகி, மெல்ல வளரும் அங்குள்ள பாசி மிதிபட்டு அழியவே, 2019-ஆம் ஆண்டில் அதைச் சில காலம் மூட நேர்ந்தது. ஆயிரம் பேர் கவர நினைத்த அழகு அவர்கள் காலடியிலேயே நசுங்கியது.

இதனால் கேமராவைத் தூக்கி எறிய வேண்டும் என்பதில்லை. அதை உயர்த்தும் முன் சிறிது நேரம் வெறுங்கையோடு நில்லுங்கள். ஒளி எங்கிருந்து வருகிறது, எது மாறுகிறது, எது நிலைத்திருக்கிறது என்று பாருங்கள். பிறகு ஒரு படம் எடுங்கள், ஒன்று போதும். அதன்பின் கருவியைத் தாழ்த்தி, மீண்டும் சிறிது நேரம் நில்லுங்கள். முதலில் நிற்பது பொருளை அறிய. இறுதியில் நிற்பது நன்றி சொல்ல. கோயிலில் தீபாராதனை நடக்கும்போதும், குழந்தை முதல் அடி எடுத்து வைக்கும்போதும், முதிய பெற்றோர் பழங்கதை பேசும்போதும் இதே ஒழுங்கைக் கடைப்பிடிக்கலாம்.

கரையில் ஒதுங்கிய பனிக்கட்டி அடுத்த ஏற்றநீரில் கடலோடு கலந்துவிடும். அதை எவரும் வைத்துக்கொள்ள இயலாது. எடுத்த படமும் ஒருநாள் அழியும். ஆனால் கவர நினையாமல் கண்ட ஒரு மனம், அந்தக் கண்டதனாலேயே சற்று விரிந்திருக்கும். அவ்விரிவோடு தன் ஊருக்குத் திரும்புபவனுக்குத் தன் வீட்டு வாசலில் கவியும் அந்தியும் புதியதாகவே தோன்றும்.