இனாமும் தட்சிணையும்

கொடுப்பது நல்லது என்பதில் பாரத நாட்டின் எந்த நெறிக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால், கொடுப்பதெல்லாம் தானம் ஆகிவிடுமா? உணவு விடுதியில் பில் வந்த தட்டில் விட்டுச்செல்லும் பத்து ரூபாய், தங்கும் விடுதியில் பெட்டியைத் தூக்கி வந்தவரின் கையில் வைக்கும் ஐம்பது ரூபாய், தீபாவளியன்று துப்புரவுத் தொழிலாளிக்குத் தரும் நூறு ரூபாய் ஆகியவற்றை எந்தக் கணக்கில் எழுதுவது? இவை தானமா, கூலியா, அன்பளிப்பா, அல்லது நாகரிகப் பெயர் பூண்ட லஞ்சமா?

தொகை சிறியது. அதனாலேயே பலரும் இதைப் பற்றிச் சிந்திப்பதில்லை. ஆயினும் மனிதனின் உள்ளம் பெரிய நன்கொடைகளைவிட இத்தகைய சிறிய தருணங்களில்தான் தெளிவாக வெளிப்படுகிறது. பெரிய நன்கொடைக்கு ரசீது உண்டு; பாராட்டும் உண்டு. சில்லறைக்கு அவை இல்லை.

இரு சொற்கள்

'டிப்ஸ்' என்ற சொல் வழக்கிற்கு வரும் முன்பே அந்தப் பழக்கம் இந்நாட்டில் இருந்தது. 'பக்ஷீஷ்' என்பது பாரசீகத்திலிருந்து வந்த சொல். 'இனாம்' என்பது அரபு மொழியிலிருந்து வந்தது. இரண்டும் பெரும்பாலும் மேல்நிலையில் இருப்பவர் கீழ்நிலையில் இருப்பவருக்கு மனமுவந்து அளிப்பதைக் குறித்தன. மன்னர் மகிழ்ந்து வழங்கிய நிலம்கூட இனாம் நிலம் என்றே பெயர் பெற்றது. இங்கே கொடுப்பவர் நிமிர்ந்து நிற்கிறார். பெறுபவர் குனிந்து சலாம் செய்கிறார்.

இதற்கு நேர்மாறானது தட்சிணை. கல்வி கற்பித்த குருவுக்கும், சடங்கை நடத்தி வைத்தவருக்கும் தருவது அது. இங்கே கொடுப்பவரே குனிகிறார். 'இதைப் பெற்றுக்கொண்டு என் செயலை நிறைவு செய்யுங்கள்' என்று வேண்டுபவர் அவரே. இனாம், தட்சிணை இரண்டிலும் கைமாறுவது ஒரே நாணயமாக இருக்கலாம். ஆனால் ஒன்றில் பெறுபவர் சிறுமை அடைகிறார். மற்றொன்றில் பெருமை அடைகிறார். ஆகவே, 'கொடுக்கலாமா, கூடாதா?' என்ற கேள்விக்குள் இன்னொரு கேள்வி மறைந்திருக்கிறது: கொடுத்த பிறகு பெற்றவரின் தலை நிமிர்ந்திருக்கிறதா, தாழ்ந்திருக்கிறதா?

கட்டாயம் கொடையாகாது

அன்பளிப்பின் உயிர் அதன் சுதந்திரத்தில் இருக்கிறது. இந்த உண்மையை அண்மைக் காலத்தில் இந்திய நாட்டின் சட்டமும் உறுதி செய்தது. பல உணவகங்கள் 'சேவைக் கட்டணம்' என்ற பெயரில் ஒரு தொகையைத் தாமாகவே பில்லில் சேர்த்து வந்தன. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வெளியிட்ட நெறிமுறைகளில், வாடிக்கையாளரின் விருப்பமின்றி இதைச் சேர்க்கக்கூடாது என்றும், வேறு பெயரிலும் வசூலிக்கக்கூடாது என்றும் கூறியது. உணவக உரிமையாளர்களின் சங்கங்கள் இதை எதிர்த்து வழக்குத் தொடர்ந்தன. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் அவற்றின் மனுக்களைத் தள்ளுபடி செய்து, நெறிமுறைகள் செல்லும் என்று தீர்ப்பளித்தது.

இந்த விவகாரத்தில் கவனிக்க வேண்டிய இன்னொரு செய்தி உண்டு. பில்லில் அச்சாகி வரும் தொகை முதலில் சேர்வது உரிமையாளரின் கல்லாவில். அதில் எவ்வளவு பரிமாறியவரை அடைந்தது, எவ்வளவு பின்கட்டில் பாத்திரம் துலக்கியவரை அடைந்தது என்பது கொடுத்தவருக்குத் தெரியாது. தொழிலாளியின் பெயரால் வாங்கிய பணம் தொழிலாளியைச் சேராவிட்டால், அங்கே வஞ்சிக்கப்படுபவர்கள் இருவர்.

மறுப்பவர்களின் வாதம்

'டிப்ஸ் தருவதே தவறு. முறையான ஊதியம் தர வேண்டியது முதலாளியின் கடமை. அந்தச் சுமையை வாடிக்கையாளர் ஏன் ஏற்க வேண்டும்?' என்று வாதிடுவோர் உண்டு. இதைக் கஞ்சத்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது. அமெரிக்காவின் வரலாறு இதற்குச் சான்று. உள்நாட்டுப் போருக்குப் பிறகு, புல்மன் நிறுவனம் தன் ரயில் படுக்கை வண்டிகளில், அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்களைப் பணியாளர்களாக அமர்த்தியது. ஊதியம் மிகக் குறைவு. பயணிகள் தரும் சில்லறையை நம்பியே அவர்கள் வாழ நேர்ந்தது. அவர்கள் 1925-இல் சங்கம் அமைத்து, நீண்ட போராட்டத்திற்குப் பின் 1937-இல் நிறுவனத்துடன் ஒப்பந்தம் கண்டனர். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சில அமெரிக்க மாநிலங்கள் டிப்ஸைத் தடை செய்து சட்டம் இயற்றின. அச்சட்டங்கள் 1926-க்குள் நீக்கப்பட்டன. இனாம் பெறும் தொழிலாளிக்கு முதலாளி நேரடியாகத் தர வேண்டிய கூலி, அந்நாட்டின் மத்தியச் சட்டப்படி 1991 முதல் மணிக்கு 2.13 டாலர் என்ற அளவிலேயே நின்றது. கருணையின் பெயரால் நீதி தள்ளிப்போடப்படலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் தேவையில்லை.

மறுபுறம், ஜப்பானில் டிப்ஸ் தரும் வழக்கம் இல்லை. ஆயினும் அங்கே விருந்தோம்பல் குறைந்துவிடவில்லை. நன்றாகப் பணி செய்வது தன் தொழிலுக்குரிய மரியாதை என்று கருதுபவருக்கு, அதற்கெனத் தனி நாணயம் வேண்டியிருப்பதில்லை.

அப்படியானால் இந்தியாவிலும் டிப்ஸை நிறுத்திவிடலாமா? இங்குதான் நிதானம் தேவைப்படுகிறது. 'இது முதலாளியின் கடமை' என்று கூறி ஒருவர் சில்லறையைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தால், மறுநாள் முதலாளி ஊதியத்தை உயர்த்துவதில்லை. அன்று மாலை அந்தத் தொழிலாளி வீட்டிற்குக் கொண்டுசெல்லும் தொகைதான் குறைகிறது. கொள்கை ஒருவருடையது, அதற்கு விலை தருபவர் இன்னொருவர். தனக்குச் செலவில்லாத கொள்கையைப் பிறர் செலவில் கடைப்பிடிப்பது அறமாகாது. நியாயமான ஊதியம் வேண்டும் என்று உண்மையிலேயே நம்புபவர், முதலில் தம் வீட்டில் வேலை செய்யும் பெண்ணுக்கும், தம் கடையில் நிற்கும் இளைஞனுக்கும் அதைத் தர வேண்டும். பொருளின் விலை சற்று உயர்ந்தாலும் அதை முணுமுணுக்காமல் ஏற்க வேண்டும். அதன் பிறகு அவர் டிப்ஸை மறுத்தால், அந்த மறுப்பில் பொருள் இருக்கும்.

உரிமைக்கு விலை

கொடுக்கவே கூடாத இடம் ஒன்றும் உண்டு. அரசு மருத்துவமனையில் நோயாளியை ஸ்ட்ரெச்சரில் தள்ளிச் செல்வதற்கும், பிறந்த குழந்தையை உறவினரிடம் காட்டுவதற்கும் பணம் எதிர்பார்க்கும் வழக்கம் பல ஊர்களில் வேரூன்றியிருக்கிறது. ஆண் குழந்தை என்றால் ஒரு தொகை, பெண் குழந்தை என்றால் ஒரு தொகை என்று பேசப்படும் அவலமும் இருக்கிறது. வசதியுள்ளவர் மகிழ்ச்சியின் வேகத்தில் ஐந்நூறு ரூபாயை எடுத்து நீட்டுகிறார். அதில் தீய நோக்கம் எதுவும் இல்லை. ஆனால் அடுத்த கட்டிலில் இருக்கும் தினக்கூலியின் மனைவிக்கு அந்த ஐந்நூறு ரூபாயே விலையாகி விடுகிறது. அவள் கணவனிடம் அது இல்லை. அவள் வலியோடு காத்திருக்கிறாள். ஒருவரின் தாராளம் இன்னொருவரின் வாசலை அடைக்கும் என்றால், அது தர்மம் ஆகுமா?

அரசுப் பணியாளர் தம் கடமையைச் செய்வதற்கு ஊதியம் தவிர வேறு பலன் பெறுவதை 1988-ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டம் குற்றமாக்குகிறது; 2018-இல் செய்யப்பட்ட திருத்தம் கொடுப்பவரையும் குற்றவாளியாக்கியது. சட்டத்தை ஒதுக்கி வைத்தாலும் ஒரு சோதனை போதும்: 'இதைத் தர இயலாத ஏழைக்கும் இதே சேவை, இதே முகமலர்ச்சியுடன் கிடைக்குமா?' கிடைக்கும் என்றால் தருவது அன்பளிப்பு. கிடைக்காது என்றால், எந்தப் பெயரிட்டாலும் அது லஞ்சமே.

தாராளம் எங்கே, பேரம் எங்கே?

ரயில் நிலையத்தில் சிவப்புச் சட்டை அணிந்து சுமை தூக்குபவரை 2016-ஆம் ஆண்டு ரயில்வே பட்ஜெட் 'சகாயக்' என்று பெயர் மாற்றி அழைத்தது. உரிமம் பெற்ற இத்தொழிலாளர்களுக்கு ரயில்வே மாத ஊதியம் தருவதில்லை. பயணி தரும் கூலியே அவர்களுடைய வருமானம். அவர் தலைமேல் இரண்டு பெட்டிகளும் தோளில் ஒரு பையும் ஏற்றிப் படிக்கட்டில் ஏறி இறங்கிய பின்னும், இருபது ரூபாய்க்காக அவரோடு வாதாடும் காட்சி எந்த நடைமேடையிலும் காணக்கூடியது. அதே பயணி அன்றிரவு குளிரூட்டிய விடுதியில், உடன் உண்ட நண்பர்கள் பார்த்திருக்க, இருநூறு ரூபாயைத் தட்டில் வைத்துவிட்டு எழுகிறார்.

இந்த இருநூறு ரூபாயை எந்தக் கணக்கில் எழுதுவது? பகவத் கீதையின் 17-ஆம் அத்தியாயம் தானத்தை மூவகையாகப் பிரிக்கிறது. பதிலை எதிர்பாராமல், கடமை என்ற உணர்வுடன், தக்க இடத்தில், தக்க காலத்தில், தக்கவருக்குத் தருவது சாத்வீகம். பலனை விரும்பியோ, மனம் நொந்தோ தருவது ராஜசம். மரியாதையின்றி, அலட்சியத்துடன் தருவது தாமசம். நண்பர்களின் பார்வைக்காக வைத்த பணம் இரண்டாம் வகை. 'ஏய்' என்று விரல் சொடுக்கி அழைத்து, முகத்தைப் பார்க்காமல் வீசிய பணம் மூன்றாம் வகை. சுமை தூக்கியவருக்கு, பேரம் பேசாமல், கேட்ட கூலியோடு பத்து ரூபாய் சேர்த்து, 'ரொம்ப நன்றி ஐயா' என்று கையில் தந்தால், அது முதல் வகையை நெருங்குகிறது.

நாணத்துடன் கொடுத்தல்

தைத்திரீய உபநிஷதம் கல்வி முடித்து வீடு திரும்பும் மாணவனுக்குக் கொடுக்கும் முறையைக் கற்பிக்கிறது. சிரத்தையுடன் கொடுக்க வேண்டும் என்று கூறுவதோடு, நாணத்துடனும் கொடுக்க வேண்டும் என்கிறது. கொடுப்பவர் எதற்காக நாண வேண்டும்? தன்னிடம் மிகுந்திருப்பதும் பிறரிடம் குறைந்திருப்பதும் முழுக்கத் தன் தகுதியால் வந்தவை அல்ல என்பதை அறிந்தவனுக்கு அந்த நாணம் தானாகவே வரும். பரிமாறுபவர் இந்தப் பக்கமும் உண்பவர் அந்தப் பக்கமும் இருப்பதில் பிறப்பு, கல்வி, வாய்ப்பு ஆகியவற்றின் பங்கு எவ்வளவு!

இந்த நாணம் உள்ளவர் சேவை செய்தவரின் பெயரைக் கேட்டு அழைப்பார். தவறு நேர்ந்தால் பிறர் முன்னிலையில் அதட்டமாட்டார். கண்ணில் படாத சமையற்காரரையும் மேசை துடைப்பவரையும் நினைத்து, பொது டிப்ஸ் பெட்டி இருந்தால் அதில் இடுவார். நன்றியை எதிர்பார்த்து நிற்கமாட்டார். கையில் பணம் இல்லாத நாளில், ஒரு நல்ல சொல்லையாவது மறக்கமாட்டார்.

டிப்ஸ் நீதிக்கு ஈடாகாது. நீதி வரும்வரை, அது ஒரு கடனின் சிறு தவணை. கடனைத் திருப்பித் தருபவர் வள்ளலைப் போல் நடந்துகொள்வதில்லை. அந்த உணர்வோடு கொடுத்தால் இனாமும் தட்சிணையாகிறது.