வேகமும் பெருமையும்

உறவினர் ஒருவரின் ஸ்போர்ட்ஸ் காரை வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் ஒருமுறை நாமே ஓட்டினோம். ‘பிஸ்மில்லாஹ்’ சொல்லித்தான் ஏறினோம். ஆயினும் ஒவ்வொரு காராகப் பின்னுக்குத் தள்ளுகையில் நெஞ்சு நிமிர்ந்தது. முள் 150-ஐத் தொட்டது. அவசரமா? தொழுகை நேரம் தவறவில்லை, கடையிலும் யாரும் காத்திருக்கவில்லை. பூமியில் பெருமையாக நடப்பதையே பனூ இஸ்ராயீல் சூராவின் 37-ஆம் ஆயத்து தடுக்கிறது. கால்நடைக்கே அவ்விதமென்றால் நான்கு சக்கரத்துக்கு?

வியாபாரிகளல்லவா, கணக்கும் பார்ப்போம். சட்டம் விதித்த 110-இல் ஒரு மணி நேரம் பிடிக்கும் தூரம், 150-இல் 44 நிமிஷம். லாபம் 16 நிமிஷம். பிரேக் பிடித்து நிற்க வேண்டிய தூரமோ ஏறக்குறைய இருமடங்கு. முன்னால் மோட்டார் சைக்கிளில் போகிறவரின் உயிர் நம் கைமுதல் அல்லவே! அந்த 16 நிமிஷத்தை ஆயர் குரோ ஓய்விடத்தில் தே தாரிக் குடித்துக் கழித்தோம்.