கரையில் மூட்டிய அடுப்பு



அருளப்பர் நற்செய்தியின் 21ஆம் அதிகாரத்தில் ஒரு விடியற்காலைக் காட்சி வருகிறது. வாவிக்கரையில் வாழும் நமக்கு அதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. இராயப்பரும் அவருடைய தோழர்களும் இரவு முழுவதும் வலை வீசுகிறார்கள். ஒரு மீன்கூட அகப்படவில்லை. விடிகிற நேரத்தில் கரையில் ஒருவர் நிற்கிறார். அவர் சொன்ன பக்கம் வலையைப் போட்டபோது 153 பெரிய மீன்கள் சிக்குகின்றன. இழுத்துக்கொண்டு கரைக்கு வந்தால், அங்கே கரி நெருப்பு எரிகிறது. அதன்மேல் மீன் இருக்கிறது, அப்பமும் இருக்கிறது. சாவை வென்று எழுந்த ஆண்டவர், களைத்து வந்த தொழிலாளருக்குக் காலைச் சாப்பாடு ஆயத்தம் செய்துவிட்டு, வந்து சாப்பிடும்படி அவர்களை அழைக்கிறார்.

வானதூதர்களை அனுப்பியிருக்கலாம். அவரே குனிந்து அடுப்பு மூட்டினார். இதை மனதில் வைத்துக்கொண்டு, நம்முடைய காலை நேரத்தைச் சற்றுப் பார்ப்போம்.

கல்லடியிலும் தாண்டவன்வெளியிலும் செங்கலடிச் சந்தியிலும் வாழைச்சேனைத் துறைமுகத்தடியிலும் விடியுமுன்னே தேத்தண்ணிக் கடைகளில் அடுப்பு எரிகிறது. கேத்தல் கொதிக்கிறது. மீன் கொண்டு வந்தவர், வயலுக்குப் போகிறவர், ஓட்டோ ஓட்டுகிறவர், கந்தோருக்குப் போகிறவர் எல்லோரும் அங்கே ஒரு கோப்பை குடிக்கிறார்கள். சிலர் நின்று குடிக்கவும் நேரமில்லாமல், பொலித்தீன் பையில் ஊற்றி முடிந்து கொண்டு போகிறார்கள். பின்னேரம் தனியார் வகுப்பு முடிந்து வரும் பிள்ளைகளுக்கு ஐஸ்கோப்பி வேண்டியிருக்கிறது. பெரியவர்களுக்குப் பத்து மணிக்கு ஒன்று, நாலு மணிக்கு ஒன்று. இதிலே குற்றம் என்ன என்று நீங்கள் கேட்பீர்கள். குற்றம் என்று நாம் சொல்லவில்லை. கணக்குப் பார்ப்போம் என்றுதான் சொல்லுகிறோம்.

கோபுரம் கட்ட நினைக்கிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட மாட்டானா என்று கேட்டவர் நம் ஆண்டவரே. ஆகவே கணக்குப் பார்ப்பது உலகப் பற்று ஆகாது. 2022ஆம் ஆண்டு மார்ச் மாதத்தை எடுத்துக்கொள்வோம். யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். சமையல் எரிவாயுவுக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை, இரவும் பகலும் மின்வெட்டு. அந்த மாதம் 400 கிராம் பால்மாப் பக்கற்றின் விலை 790 ரூபாவாக ஏறியது. கடைகளில் ஒரு கோப்பைப் பால் தேத்தண்ணி 100 ரூபா என்று அறிவிக்கப்பட்டது. ஒருவர் நாளுக்கு இரண்டு கோப்பை கடையில் குடித்தால் மாதம் 6,000 ரூபா. வருடத்திற்கு 73,000 ரூபா.

அதே கோப்பையை வீட்டில் ஊற்றினால் என்ன? 400 கிராம் பால்மாவில் தாராளமாகப் போட்டாலும் 20 கோப்பை வரும். பால்மாச் செலவு கோப்பைக்கு ஏறத்தாழ 40 ரூபா. தேயிலை ஒரு கோப்பைக்கு இரண்டு கிராம் போதும். 100 கிராமில் 50 கோப்பை ஊற்றலாம். சீனியும் விறகும் சேர்த்தாலும் கடை விலையில் ஏறத்தாழப் பாதியோடு முடிந்துவிடும். வெறுந்தேத்தண்ணி என்றால் இன்னும் எவ்வளவோ குறைவு. ஒரு கோப்பைக்கு 50 ரூபா மிஞ்சினால் ஒருவருக்கு மாதம் 3,000 ரூபா, வருடத்திற்கு 36,500 ரூபா. அன்றைய விலை அது. இன்றைய விலை உங்கள் சந்திக் கடையில் எதுவோ, அதை வைத்து நீங்களே கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

நமது நாட்டில் கோப்பி வேறு, கொப்பி வேறு. கோப்பி வாயோடு முடிந்துவிடும். கடைக்காரருடைய கொப்பியில் எழுதியது மாதக் கடைசி வரை அழியாது. ‘எழுதி வையுங்க’ என்று சொல்லிவிட்டு எழும்பி வருகிறோமே, அந்தக் கொப்பியைச் சம்பள நாளன்று பார்க்கும்போதுதான் நெஞ்சு திடுக்கிடுகிறது. பெரிய செலவுக்குப் பத்துப் பேரிடம் யோசனை கேட்கிறோம். பிள்ளைக்குச் சைக்கிள் வாங்க ஆறு மாதம் யோசிக்கிறோம். சின்னச் செலவு யாரிடமும் கேளாமல், கதவும் தட்டாமல் வீட்டை விட்டுப் போய்விடுகிறது.

இந்த இடத்தில் ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். நமது பகுதியில் எத்தனையோ தாய்மார் கடன்சுமையால் கண்ணீர் வடிக்கிறார்கள். கிழமைக்குக் கிழமை தவணைப் பணம் கேட்டு வாசலுக்கு ஆள் வருகிறது. வறட்சியால் வாடிய மாவட்டங்களில் பெண்கள் பட்ட ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களுக்கு 2018ஆம் ஆண்டில் அரசாங்கமே நிவாரணம் அறிவிக்க வேண்டி வந்தது. அந்தக் கடனெல்லாம் தேத்தண்ணி குடித்ததால் வந்ததா? இல்லை. யுத்தம், சுனாமி, வறட்சி, நோய், கூடிய வட்டி இவைகளால் வந்தது. ஆகவே ஏழை ஒருவன் வெயிலில் வேலை செய்துவிட்டு ஒரு கோப்பை குடிக்கும்போது, ‘இதனால்தான் நீ முன்னேறவில்லை’ என்று அவனுக்குப் பிரசங்கம் செய்யாதீர்கள். அது கிறிஸ்தவப் பேச்சல்ல. அவனுடைய கூலி சரியாகக் கொடுக்கப்பட்டதா என்று முதலில் கேளுங்கள்.

கூலி என்றதும் இன்னொன்றையும் நினைத்துப் பார்க்க வேண்டும். 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்டார். 1869ஆம் ஆண்டில் இலைநோய் தோன்றிக் கோப்பித் தோட்டங்களைக் கொஞ்சம் கொஞ்சமாக அழித்தது. அதன்பின் மலைநாடு தேயிலை நாடாகியது. அந்த மலைகளில் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறிப்பவர்கள் நம் மொழி பேசும் சகோதரிகள். நான்கு ஐந்து கிலோ பச்சைக் கொழுந்து பறித்தால்தான் ஒரு கிலோ தேயிலை ஆகும். நீண்ட காலம் போராடிய பின் 2021ஆம் ஆண்டில்தான் அவர்களுடைய நாட்சம்பளம் 1,000 ரூபா என்று நிர்ணயிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு ஒரு கோப்பைப் பால் தேத்தண்ணி 100 ரூபாவுக்கு வந்தபோது, அவர்களுடைய ஒரு நாள் உழைப்பு பத்துக் கோப்பைக்குச் சமமாகியது! பாதி குடித்துவிட்டு மீதியை வீதியில் ஊற்றும்போது எதை ஊற்றுகிறோம் என்று அறிந்து ஊற்றுவோமாக.

ஐயாயிரம் பேருக்கு அப்பம் பகிர்ந்த ஆண்டவர், எல்லோரும் வயிறாரச் சாப்பிட்ட பிறகு என்ன செய்தார்? மீதித் துணுக்குகள் வீணாகாதபடி சேர்க்கச் சொன்னார். பன்னிரண்டு கூடை நிறைந்தது. வேண்டுமானால் இன்னும் பெருகப் பண்ணக்கூடியவருக்குத் துணுக்கு எதற்கு? அள்ளிக் கொடுத்த கையும் பொறுக்கிச் சேர்த்த கையும் ஒரே கை. இதுதான் கிறிஸ்தவச் சிக்கனம். கொடுக்க மனமில்லாமல் சேர்ப்பது கஞ்சத்தனம். கணக்கில்லாமல் விடுவது ஊதாரித்தனம். வீணாக்காமல் சேர்த்து, மனமிரங்கிக் கொடுப்பதே ஆண்டவர் காட்டிய வழி.

இனி, பணத்தைவிடப் பெரிய விஷயத்துக்கு வருவோம். பின்னேரம் கணவன் வீட்டுக்கு வருகிறான். மனைவி கேட்கிறாள்: “இஞ்சேருங்க, தேத்தண்ணி ஊத்தட்டா?” அவன் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொல்லுகிறான்: “வேணாம், நான் சந்தியில குடிச்சிட்டன்.” இரண்டே வார்த்தை. அவள் கேத்தலை இறக்கி வைக்கிறாள். அவன் பத்திரிகையை அல்லது கைத்தொலைபேசியை எடுக்கிறான். கடையில் அரை மணித்தியாலம் ஊர்க்கதை, அரசியல் எல்லாம் பேசி முடித்துவிட்டான். வீட்டில் பேச ஒன்றும் மிச்சமில்லை. அங்கே செலவானது 100 ரூபா மட்டுமா?

நமது பெரியவர்கள் கோப்பியை எப்படிக் குடித்தார்கள் என்று எண்ணிப் பாருங்கள். கோப்பிக்கொட்டையோடு மல்லியும் சுக்கும் சேர்த்து வறுத்து உரலில் இடித்தால் நாலு வீட்டுக்கு மணக்கும். மணம் வந்தால் ஆளும் வரும். உள்ளங்கையில் சீனியை வைத்து, வெறுந்தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு திண்ணையில் இருந்தபடியே எத்தனை கலியாணம் பேசி முடித்தார்கள், எத்தனை வேலிச் சண்டையைத் தீர்த்தார்கள்! இன்றும் செத்தவீட்டில் இரவு முழுவதும் கோப்பி கொடுக்கிறோம். துக்கத்தில் இருப்பவரோடு விழித்திருக்கிறோம் என்பதற்கு அது அடையாளம். 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் திகதி அடித்த சூறாவளியையும், 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி வந்த சுனாமியையும் கண்டவர்களைக் கேட்டுப் பாருங்கள். கூரையும் அடுப்பும் இழந்து நின்றவர்களுக்கு, மறுபடி சொந்த அடுப்பில் தண்ணீர் கொதித்த நாள் எப்படிப்பட்ட நாள் என்று சொல்லுவார்கள். வீட்டில் அடுப்பு எரிவது தேவனுடைய கொடை.

ஆனால் ஆண்களே, இந்த இடத்தில் கவனமாகக் கேளுங்கள். ‘இனிமேல் வீட்டில்தான் தேத்தண்ணி’ என்று தீர்மானித்துவிட்டுப் பாயில் சாய்ந்திருந்து, “எங்க தேத்தண்ணி?” என்று குரல் கொடுத்தால் அது சிக்கனமல்ல. நான்கு மணிக்கு எழும்பிப் பிட்டவித்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, தானும் வேலைக்குப் போகிற ஒருத்தியின் தலையில் இன்னொரு சுமையை ஏற்றிவிட்டு, மிச்சம் பிடித்தோம் என்று பெருமை கொள்ளலாமா? உங்கள் சட்டைப்பையில் மிஞ்சிய ஐம்பது ரூபா அவளுடைய நித்திரையிலிருந்து எடுத்தது. திபேரியாக் கடற்கரையில் அடுப்பு மூட்டியவர் யார் என்று நினைத்துப் பாருங்கள். அண்ட சராசரங்களின் ஆண்டவருக்கு அது குறைவாகப் படவில்லை. நமக்கு ஏன் குறைவாகப் பட வேண்டும்? தகப்பன் ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்து வளரும் மகன், நாளை நல்ல கணவனாவான்.

இன்னொரு எச்சரிக்கை. கடையை நடத்துகிறவர்களும் நமது சனங்கள்தான். கணவனை இழந்த ஒரு தாய் வீதியோரத்தில் தட்டி கட்டி, கேத்தல் வைத்துப் பிள்ளைகளைப் படிப்பிக்கிறாள். அவளிடம் குடிப்பதை நிறுத்தி அவள் வயிற்றில் அடிக்க நாம் சொல்லவில்லை. அவளிடம் குடியுங்கள், கடன் சொல்லாமல் கைக்காசு கொடுத்துக் குடியுங்கள். தூர இடத்துக்குப் போகிறவனுக்கும், விடிய விடிய வலை இழுத்தவனுக்கும் அவளுடைய அடுப்புத்தான் கரையில் எரிகிற அடுப்பு. தேவைக்குக் குடிப்பது வேறு. பழக்கத்துக்கும் பொழுதுபோக்குக்கும் குடிப்பது வேறு. எது எது என்று அவரவர் மனச்சாட்சிக்குத் தெரியும்.

ஆகவே, அன்பான குடும்பங்களே, வரும் ஒரு மாதத்துக்கு மூன்று காரியங்களைச் செய்வோம்.

முதலாவது, ஒரு கிழமைக்கு வீட்டிலுள்ள எல்லோரும் வெளியில் குடித்ததையும் தின்றதையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். யாரையும் ஏசுவதற்காக அல்ல. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பின் குடும்பமாக உட்கார்ந்து கூட்டிப் பாருங்கள். பெரியவர்களின் கணக்கையும் பிள்ளைகள் பார்க்கட்டும்.

இரண்டாவது, நாளில் ஒரு வேளையாவது வீட்டார் எல்லோரும் சேர்ந்து ஒரு கோப்பை குடியுங்கள். முறை வைத்து ஊற்றுங்கள். ஒரு நாள் தகப்பன், ஒரு நாள் மகன், ஒரு நாள் மகள். தாய் அன்று இருந்து குடிக்கட்டும். செபமாலைக்கு முன்னோ பின்னோ பத்து நிமிடம் போதும். அந்தப் பத்து நிமிடமும் கைத்தொலைபேசி வேறு அறையில் இருக்கட்டும்.

மூன்றாவது, நமது பாட்டிமார் உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடி எடுத்து வேறு பானையில் போட்டு வைப்பார்களே, அந்தப் பிடியரிசியை மறக்க வேண்டாம். ஒரு பால்மா டின்னில் துளையிட்டு அடுப்படியில் வையுங்கள். வெளியில் குடிக்காமல் விட்ட ஒவ்வொரு கோப்பைக்கும் மிஞ்சிய காசை அதிலே போடுங்கள். பிடியரிசி வீட்டுக்காரரின் பஞ்சத்துக்கும் உதவியது, வாசலுக்கு வந்தவரின் பசிக்கும் உதவியது. டின்னில் சேர்ந்ததில் ஒரு பங்கு கடன் தவணைக்கோ பிள்ளையின் சப்பாத்துக்கோ போகட்டும். ஒரு பங்கு உங்கள் பங்கிலே தனித்திருக்கும் ஒரு முதியவருக்குத் தேயிலையும் சீனியுமாகப் போகட்டும். அதைக் கொடுத்தனுப்பாமல் நீங்களே கொண்டு போங்கள். அவருடைய அடுப்பில் நீங்களே தண்ணீர் வைத்து, அவரோடு இருந்து குடித்துவிட்டு வாருங்கள். ஒரு கிண்ணம் குளிர்ந்த தண்ணீர் கொடுத்தவனும் கைம்மாறு பெறாமல் போகான் என்று வாக்களித்தவர், சூடான ஒரு கோப்பையை மறந்துவிடுவாரா?

கரையில் அடுப்பு மூட்டிய எங்கள் ஆண்டவரே, எங்கள் வீடுகளின் அடுப்பு அணையாமல் காத்தருளும். கடனால் கலங்கும் தாய்மாருக்கு ஆறுதலும் வழியும் காட்டியருளும். உழைக்கிறவனுக்கு நியாயமான கூலியும், கூலி பெற்றவனுக்கு நல்ல புத்தியும் தாரும். எங்கள் கையில் மிஞ்சுவது பிறருடைய கையில் குறைவதை நிறைக்கட்டும். நாங்கள் குடும்பமாகச் சேர்ந்து குடிக்கும் எளிய கோப்பையருகில் நீரும் வந்து அமர்ந்தருளும். ஆமென்.