எரிக்கச் சொன்ன காகிதங்கள்

எழுதுகிற இருவர் மணந்து வாழும் வீட்டில் சேரும் காகிதங்களுக்குத் தனிக் குணம் ஒன்று உண்டு. ஒரே நாளைப் பற்றி, ஒரே பேச்சைப் பற்றி இரண்டு பதிவுகள் இருக்கும். இரண்டும் ஒத்துப்போகும் என்று சொல்ல முடியாது. இருவரில் ஒருவர் முதலில் போய்விடுவார். இருவருடைய காகிதங்களும் மிஞ்சியவர் கையில் வந்து சேரும். வைத்திருப்பதா, அச்சிடுவதா, அடுப்பில் போடுவதா என்பதை அவர்தான் முடிவுசெய்தாக வேண்டும். இந்தச் சிக்கலை அதன் எல்லாப் பக்கங்களோடும் பார்க்கக் கிடைக்கிற வீடு ஆங்கில எழுத்தாளர்களான லியோனார்ட் வுல்ஃப், வர்ஜீனியா வுல்ஃப் தம்பதியுடையது.

இருவருக்கும் 1912 ஆகஸ்ட் 10 அன்று லண்டன் செயின்ட் பான்கிராஸ் பதிவு அலுவலகத்தில் திருமணம் நடந்தது. வர்ஜீனியா அப்போது முதல் நாவலைத் திருத்தித் திருத்தி எழுதிக்கொண்டிருந்தார். லியோனார்ட் இலங்கை நிர்வாக சேவையை விட்டு வந்தவர். 1904இல் கப்பலேறி, யாழ்ப்பாணத்திலும் கண்டியிலும் வேலை பார்த்து, கடைசியில் அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக இருந்தவர். தமிழும் சிங்களமும் கற்றவர். அம்பாந்தோட்டையில் அன்றாடம் உத்தியோக நாட்குறிப்பு எழுதுவது அவர் கடமைகளில் ஒன்று. மழை, உப்பளம், மாட்டு நோய், வழக்கு என்று எல்லாவற்றையும் குறித்துவைக்கும் அந்தப் பழக்கம் வேலையை விட்ட பிறகும் அவரை விடவில்லை. செலவுக் கணக்கும் புத்தக விற்பனைக் கணக்கும் சாகும்வரை எழுதினார். தம்பதியின் ஆண்டு வருமானத்தைக்கூடப் பிற்காலத்தில் சுயசரிதையில் பட்டியல் போட்டுக் காட்டினார்.

திருமணமான அடுத்த ஆண்டே வர்ஜீனியாவின் மனநலம் குலைந்தது. 1913 செப்டம்பரில் தூக்க மருந்தை அளவுக்கு மீறி விழுங்கி உயிர் பிழைத்தார். அந்தக் காலத்தில் மனைவியின் நிலையை லியோனார்ட் தன் சிறிய நாட்குறிப்பில் நாள்தோறும் குறித்துவந்தார். குறித்த விதம்தான் கவனிக்க வேண்டியது. தமிழ், சிங்கள எழுத்துகளைக் கலந்து ஒரு ரகசியக் குறியீடு அமைத்துக்கொண்டார். இங்கிலாந்தில் அந்த வீட்டுக்கு வந்துபோன எவருக்கும் அது படிக்க வராது, வர்ஜீனியாவுக்கும் வராது. யாழ்ப்பாணத்துக் கச்சேரியில் மனுக்களைப் படிக்கக் கற்ற எழுத்து, லண்டனில் ஒரு பெண்ணின் உடல்நிலையைக் குறிக்கப் பயன்பட்டது. இது பராமரிப்பா, கண்காணிப்பா என்று இன்றும் ஆய்வாளர்கள் சண்டை போடுகிறார்கள். நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் எந்த வீட்டிலும் இந்த இரண்டையும் பிரிப்பது சுலபமில்லை. ஆனால் யாரைப் பற்றி எழுதப்பட்டதோ அவருக்கே படிக்க முடியாதபடி எழுதப்பட்ட குறிப்பு என்பது மறக்கக்கூடாத விஷயம்.

மறைக்காமல் எழுதியதும் உண்டு. 1914இல் லியோனார்டின் இரண்டாவது நாவல் ‘தி வைஸ் வர்ஜின்ஸ்’ வெளிவந்தது. அதில் வரும் ஒரு பெண் வர்ஜீனியாவின் சாயல் என்பது நெருங்கியவர்களுக்குத் தெரிந்துவிட்டது. வர்ஜீனியா அதை 1915 ஜனவரியில்தான் படித்தார். சில இடங்கள் மோசம், சில இடங்கள் முதல்தரம் என்று நாட்குறிப்பில் எழுதிவைத்தார். சில வாரங்களில் மறுபடியும் நோயில் விழுந்தார். நாவலுக்கும் நோய்க்கும் முடிச்சுப் போடுவதற்கு ஆதாரம் போதாது. லியோனார்ட் அதன்பின் நாவலே எழுதவில்லை என்பது மட்டும் உறுதி.

1917இல் 19 பவுண்டு 5 ஷில்லிங் 5 பென்சுக்கு ஒரு கை அச்சு இயந்திரத்தை வாங்கி, ரிச்மண்டில் தாங்கள் குடியிருந்த ஹோகார்த் இல்லத்தின் சாப்பாட்டு அறையில் வைத்தார்கள். லியோனார்டுக்குப் பிறவியிலேயே கை நடுக்கம் உண்டு. ஈய எழுத்துகளைப் பொறுக்கி அடுக்குவது அவரால் ஆகாது. அதனால் அச்சுக் கோப்பது வர்ஜீனியாவின் வேலை, இயந்திரத்தை ஓட்டுவது லியோனார்டின் வேலை என்று பிரித்துக்கொண்டார்கள். அந்த ஆண்டு ஜூலையில் வந்த முதல் வெளியீட்டில் இருவருக்கும் ஆளுக்கொரு கதை. 150 பிரதிகள் அச்சிட்டார்கள். ஹோகார்த் பிரஸ் பிறகு எலியட்டையும் ஃபிராய்டையும் வெளியிடும் அளவுக்கு வளர்ந்தது. இந்தக் கட்டுரையின் விஷயத்துக்கு வேண்டியது வேறொன்று. 1922இல் வந்த ‘ஜேக்கப்ஸ் ரூம்’ தொடங்கி வர்ஜீனியாவின் நாவல்கள் எல்லாமே சொந்த அச்சகத்திலிருந்து வந்தன. வெளிப் பதிப்பாசிரியர் ஒருவரின் தீர்ப்புக்குக் காத்திருக்க வேண்டிய நிலை போய்விட்டது. அந்தத் தீர்ப்பைச் சொல்லும் பொறுப்பு முழுவதும் கணவர் மேல் விழுந்தது.

ஒவ்வொரு நாவல் முடிந்ததும் லியோனார்ட் என்ன சொன்னார் என்பதை வர்ஜீனியாவின் நாட்குறிப்பில் தொடர்ந்து பார்க்கலாம். அவற்றில் 1936 நவம்பர் மாதப் பக்கங்கள் தனியானவை. ‘தி இயர்ஸ்’ நாவலோடு பல ஆண்டுகள் மல்லாடிய வர்ஜீனியா, அச்சுப்படிகளைத் திருத்தும்போது நம்பிக்கை இழந்தார். அவற்றைச் செத்த பூனையைத் தூக்கிப்போவது போல் லியோனார்டிடம் கொண்டுபோய், படிக்காமலே எரித்துவிடச் சொல்ல வேண்டும் என்று எழுதினார். லியோனார்ட் எரிக்கவில்லை, படித்தார். கடைசித் தாளை வைத்துவிட்டுப் பேச முடியாமல் கண்கலங்கினார் என்று வர்ஜீனியா குறித்திருக்கிறார். நூல் பிழைத்தது. 1937இல் வெளிவந்து அமெரிக்காவில் நன்றாக விற்றது.

இதே சம்பவத்தை லியோனார்ட் சொல்லும் விதம் வேறு. சுயசரிதையின் நான்காம் பகுதி 1967இல் வந்தது. அந்த நாவல் மனைவியின் சிறந்த நூல்களில் ஒன்றல்ல என்று அப்போதே தோன்றியதாகவும், உள்ளதை உள்ளபடி சொன்னால் அவர் உடைந்துபோவார் என்று பயந்து, மற்றபடி சொல்லியிருக்கக்கூடியதைவிடக் கூடுதலாகப் புகழ்ந்ததாகவும் அதில் எழுதினார். வர்ஜீனியா நினைத்த அளவுக்கு நூல் மோசமில்லை என்ற நிம்மதி லியோனார்டுக்கு உண்மையாகவே இருந்தது. கண்ணீர் எந்தக் கணக்கில் சேரும் என்று யாரும் சொல்ல முடியாது. வர்ஜீனியாவின் நாட்குறிப்பை மட்டும் படிப்பவருக்கு அது ஒரு பாராட்டு. லியோனார்டின் நூலையும் படித்தவருக்கு ஒரு வைத்தியம். பாராட்டப்பட்டவருக்கு இந்த இரண்டாவது விவரம் கடைசிவரை தெரியாது. உண்மை சொல்வது, உடனிருந்து காப்பது என்ற இரண்டு கடமைகள் மோதும்போது எதை விடுவது என்பது எழுத்தாளர் வீட்டுக்கு மட்டும் உரிய கேள்வி அல்ல. அந்த வீட்டில் அது எழுத்தில் பதிவாகிவிட்டது, அவ்வளவுதான்.

காகிதங்களை என்ன செய்வது என்பதில் வர்ஜீனியாவுக்கே ஒரே எண்ணம் இருந்ததில்லை. 1926 மார்ச்சில், தான் செத்தால் இந்த நாட்குறிப்புகளை லியோனார்ட் என்ன செய்வார் என்று அதே நாட்குறிப்பில் யோசித்தார். எரிக்க அவருக்கு மனம் வராது, அப்படியே வெளியிடவும் முடியாது, ஒரு புத்தகம் தேற்றிவிட்டு மீதியை எரித்துவிடட்டும் என்பது அன்றைய முடிவு. 1940இல் லண்டன் மேல் குண்டுகள் விழுந்தபோது தம்பதியின் மெக்லன்பர்க் சதுக்கத்து வீடு சிதைந்தது. அக்டோபரில் வர்ஜீனியா அங்கே போய் இடிபாட்டுக்கு நடுவிலிருந்து 24 நாட்குறிப்புத் தொகுதிகளை மீட்டு வந்தார். நினைவுக் குறிப்புகள் எழுத உதவும் என்று மகிழ்ந்தார். ஐந்து மாதம் கழித்து, 1941 மார்ச் 28 அன்று, சசெக்ஸில் ராட்மெல் கிராமத்துக்கு அருகே ஓடும் ஊஸ் ஆற்றில் உயிரை விட்டார். லியோனார்டுக்கு விட்டுச்சென்ற கடிதங்கள் இரண்டு. அவற்றில் ஒன்றின் முடிவில், தன் காகிதங்களையெல்லாம் அழித்துவிடும்படி ஒரு சிறு வேண்டுகோள்.

லியோனார்ட் அழிக்கவில்லை. அந்த ஆண்டு ஜூலையிலேயே கடைசி நாவலை, ஆசிரியர் இறுதியாகத் திருத்தாதது என்ற குறிப்போடு வெளியிட்டார். பிறகு கட்டுரைத் தொகுப்புகளும் கதைகளும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1953இல் நாட்குறிப்பிலிருந்து எழுத்துத் தொழில் பற்றிய பகுதிகளை மட்டும் பொறுக்கி ‘எ ரைட்டர்ஸ் டைரி’ என்ற நூலைக் கொண்டுவந்தார். வர்ஜீனியா 1926இல் நினைத்த அந்த ஒரு புத்தகம் இதுதான் என்று சொல்லலாம். எரிக்கச் சொன்ன பாதியை மட்டும் செய்யவில்லை.

இது சரியா? சாகப்போகிறவர் கேட்டதை மீறுவது சிறிய காரியமில்லை. நோயில் கேட்டார் என்று சொல்லி ஒருவருடைய கடைசி வார்த்தையைத் தள்ளிவிட்டால், நோயாளியின் எந்த வார்த்தைக்கும் மதிப்பு இல்லாமல் போகும். ஆனாலும் லியோனார்டின் பக்கம் வலுவானது. எரித்துவிடு என்ற பேச்சு 1936இலும் எழுந்தது. அன்று கேட்காமல் விட்டதால்தான் ஒரு நாவல் மிஞ்சியது. இடிபாட்டிலிருந்து மீட்டு வந்த கையும், அழிக்கச் சொல்லி எழுதிய கையும் ஒன்றே. 28 ஆண்டு வாழ்க்கையை ஒரு பக்கமும் கடிதத்தின் கடைசி வரியை இன்னொரு பக்கமும் வைத்துப் பார்த்தால் அவர் எடுத்த முடிவு நியாயமாகவே படுகிறது. அந்த முடிவுக்குக் குறை இல்லாமலும் இல்லை. உயிரோடிருப்பவர்களைப் பற்றிய கூர்மையான பேச்சு, வம்பு, சிரிப்பு எல்லாவற்றையும் ஒதுக்கியதால், எழுத்துக்கும் விமர்சனத்துக்கும் நடுவே எப்போதும் தவித்துக்கொண்டிருக்கும் ஒரு வர்ஜீனியாதான் 1953 நூலில் கிடைத்தார். ஊர் வம்பில் மகிழ்ந்த வர்ஜீனியாவைப் பார்க்க வாசகர்கள் இன்னும் கால் நூற்றாண்டு காத்திருந்தார்கள். வர்ஜீனியாவின் கையெழுத்துப் பிரதிகளை லியோனார்ட் விற்றார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். தன் காலத்துக்குப் பிறகே கைமாற வேண்டும் என்ற ஏற்பாட்டோடு நாட்குறிப்புகளும் அதில் சேர்ந்தன.

மற்ற வீடுகளில் வேறு விதமாக நடந்திருக்கிறது. ருஷ்ய நாவலாசிரியர் டால்ஸ்டாயின் மனைவி சோஃபியா, கணவரின் பிரதிகளைக் கையால் பெயர்த்தெழுதினார், மாஸ்கோ அருங்காட்சியகங்களில் பத்திரப்படுத்தினார், தன் தரப்பைத் தன் நாட்குறிப்பிலேயே எழுதிவைத்தார். கவிஞர் சில்வியா பிளாத்தின் கடைசி நாட்குறிப்பைக் கணவர் டெட் ஹியூஸ் அழித்தார். பிள்ளைகள் அதைப் படிக்க வேண்டாம் என்று நினைத்ததாக அவரே பின்னால் எழுதினார். அந்தக் காரணத்தை எவராலும் சரிபார்க்க முடியாது. பார்க்க வேண்டிய காகிதமே இல்லையே.

லியோனார்ட் 1969 ஆகஸ்டில் மறைந்தார். வர்ஜீனியாவின் நாட்குறிப்புகள் நியூயார்க் பொது நூலகத்தின் பெர்க் சேகரிப்புக்குப் போயின. லியோனார்டின் காகிதங்களும், ராட்மெல் கிராமத்தில் தம்பதி வாழ்ந்த வீட்டில் இருந்தவையும் சசெக்ஸ் பல்கலைக்கழகத்துக்கு வந்தன. இருவரும் சேர்த்த புத்தகங்களில் பெரும்பகுதி அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. சேர்ந்து இருந்தவை கடல் கடந்து பிரிந்தன. வர்ஜீனியாவின் நாட்குறிப்பு 1977க்கும் 1984க்கும் இடையில் ஐந்து தொகுதிகளாக அச்சேறியது. கடிதங்கள் ஆறு தொகுதிகள். 1980இல் வந்த ஆறாவது தொகுதியில், அழிக்கச் சொன்ன அந்தக் கடிதமும் இருக்கிறது. லியோனார்டின் கடிதங்களிலிருந்து ஒரு தேர்வு 1989இல் வந்தது.

லியோனார்டின் காகிதங்களுக்குப் பொறுப்பேற்றவர் அவருடைய பிற்கால வாழ்வின் துணையான ஓவியர் ட்ரெக்கி பார்சன்ஸ். சசெக்ஸுக்கு அவற்றைக் கொடுத்தவர் அவர்தான். தனக்கும் லியோனார்டுக்கும் இடையே போய்வந்த காதல் கடிதங்களை அவரும் எரிக்கவில்லை. அவர் மறைந்த பிறகு, 2001இல், அவை புத்தகமாக வந்தன.